கறுவாவை யார் எப்படி அழைத்தார்கள்?

(காட்சி: கொழும்பு, புறக்கோட்டை. கடை வாசலில் கறுவாக் கட்டுகள்.)

வணக்கம். இந்தக் கடையில் நாங்கள் கேட்பது கறுவா. பக்கத்தில் நிற்கிற சிங்கள அம்மா கேட்பது குருந்து. சென்னையிலிருந்து வந்த உறவினருக்கு அது பட்டை. கடைக்காரர் மூன்று பேருக்கும் ஒரே சாமானைத்தான் நிறுத்துக் கொடுக்கிறார்.

மரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் கறுவா. மலையாளத்திலும் கறுவதான். தூரத்தில் இருந்தவர்களுக்கோ கையில் கிடைத்தது காய்ந்த சுருள் மட்டும்.

(காட்சி: உலரும் பட்டை மெல்லச் சுருள்கிறது.)

இந்தச் சுருளைப் பாருங்கள். சின்னக் குழல் மாதிரி இருக்கிறதல்லவா? லத்தீனில் கன்னா என்றால் நாணல். அதிலிருந்து பிறந்தது 'சின்ன நாணல்' என்ற பொருள் தரும் கனெல்லா. போர்த்துக்கேயருக்கு அது கனேலா, ஒல்லாந்தருக்குக் கனேல். அரபியில் கிர்ஃபா, அதாவது உரித்த பட்டை. மலாய்க்காரர் நாக்கை நம்பினார்கள்: காயு மானிஸ், இனிப்பு மரம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாரசீகப் பெயர். தார் சீனி, சீன மரம். அதுவே இந்தியில் தால்சீனி ஆனது. அதில் வருகிற சீனி நாங்கள் தேநீரில் போடுகிற சீனி இல்லை, சீனா! சரக்கு எந்தத் திசையிலிருந்து வந்ததென்று நினைத்தார்களோ, அதையே பெயராக்கிவிட்டார்கள்.

அப்புறம், ஆங்கிலத்தின் சின்னமன். அது கிரேக்கக் கின்னமோமோன் வழியாக வந்தது. அந்தச் சொல்லைப் பழங்காலக் கடல் வணிகரான பினீசியரிடம் கற்றோம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார், கி.மு. 5ஆம் நூற்றாண்டில். பெரிய பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டுவந்து செங்குத்தான பாறைகளில் கூடு கட்டுமாம். அதையும் அவர்தான் எழுதினார். பெயர் போய்ச் சேர்ந்த ஊருக்கு மரம் பற்றிய செய்தி போய்ச் சேரவில்லை.

(காட்சி: கொழும்பு 7, பெயர்ப் பலகை.)

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். காட்டுக் கறுவாவையே நம்பியிருந்த ஒல்லாந்தர், 1769இல் மருதானைப் பக்கம் அதைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினார்கள். அவர்கள் நாவில் அது கனேல். ஆனால் மண்ணில் ஒட்டியது அந்தப் பெயர் இல்லை. சிங்களத்தில் குருந்துவத்தை, தமிழில் கறுவாத்தோட்டம். இன்று அங்கே பெரிய வீடுகளும் தூதரகங்களும் இருக்கின்றன. பஸ்ஸில் ஏறி இடத்தைச் சொன்னால், இன்னமும் கறுவாவின் பெயரைத்தான் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம்.