பிள்ளை எத்தனை கிலோ?

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். 31 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதில் அரைவாசிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில், நம் சனங்கள் ஈ.ரி.யூ. என்று சொல்லும் இடத்தில், கழிந்தது. சிறுவர் நலம் பற்றிப் பேசும்படி வானொலியில் கேட்டார்கள். நலம் பற்றிப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு தராசைப் பற்றியும் ஓர் அலுமாரியைப் பற்றியும் பேசிவிட்டுப் போகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய வைத்தியசாலை. பெயர் வேண்டாம். மாரிகாலம், இரவு பதினொரு மணி இருக்கும். ஓட்டோ ஒன்று வாசற்படியோடு வந்து நின்றது. ஓர் அம்மம்மா இரண்டு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். “மிஸ், பிள்ளை கண்ணைச் செருகிவிட்டான்” என்றார். காய்ச்சல் வலிப்பு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயோரம் நுரை. பிள்ளையின் உள்ளங்கையில் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்து, அந்தக் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்திருந்தார். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது நம்மிடம் பழைய வழக்கம். அதனால் பயன் ஒன்றும் இல்லை. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, வாய்க்குள் எதையும் வைக்காமல் கொண்டு வந்தாலே போதும். ஆனால் அம்மம்மாவிடமாவது ஒரு சாவி இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

“எத்தனை கிலோ?” என்று டொக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை நிறுக்கும் தராசு கிளினிக் கட்டடத்தில் இருந்தது, அது மழைக்கு அப்பால். வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வயதுக்கு 12 கிலோ வரும். அந்தக் கணக்கில் மருந்தை மலவாசல் வழியாகக் கொடுத்தோம். வலிப்பு நின்றது. கூடவே மூச்சும் தளர்ந்தது, உதடு நீலம் பாய்ந்தது. மூச்சு ஊதும் பையை எடுத்தால், அதில் மாட்டியிருந்தது பெரியவர்களுடைய முகமூடி. பிள்ளையின் நாடியில் தொடங்கி நெற்றிவரை மூடி, கண்ணை அழுத்துகிறது. ஊதுகிற காற்றெல்லாம் பக்கவாட்டால் போகிறது. சின்ன முகமூடி இருந்ததா? இருந்தது, புத்தம் புதிதாக, உறை பிரிக்காமல், சுவரலுமாரிக்குள். சாவி, பகல் கடமை முடித்துப் போனவரின் கைப்பைக்குள் அவர் வீட்டில் இருந்தது.

முகமூடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஊதினோம். மூக்குப் பக்கத்துக் கூர்முனை நாடிக்கு வரும்படி பிடித்தால் சின்ன முகத்துக்கு ஓரளவு பொருந்தும். பத்து நிமிடத்தில் பிள்ளை தானாக மூச்செடுத்தான். விடிந்து வார்டில் நிறுத்துப் பார்த்தபோது 9.2 கிலோ. நாங்கள் கொடுத்தது அவனுக்கு உரியதைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூட. வலிப்பே மூச்சைத் தளர்த்தும், ஆகவே மருந்தால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அம்மம்மாவின் முழங்கையில் இரவு முழுவதும் ஒரு சொப்பிங் பை தொங்கிக்கொண்டு இருந்தது. அதற்குள் கிளினிக் கொப்பி. போன மாதம் மருத்துவமாது நிறுத்து எழுதிய நிறை அதில் இருந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நிறையில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். வளர்ந்தவருக்கு மருந்து பெரும்பாலும் ஒரே அளவு. 55 கிலோவோ 70 கிலோவோ, ஒரே குளிசைதான். பிள்ளைக்கு அப்படியல்ல. அதே கட்டிலில் காலையில் 4 கிலோக் குழந்தை கிடக்கும், மாலையில் 40 கிலோப் பையன் கிடப்பான். இறால் சாப்பிட்டு உடம்பு தடித்து மூச்சு அடைக்கிறவருக்கு அட்ரினலின் போடுவோம். பெரியவருக்கு அரை மில்லிலீற்றர். 10 கிலோப் பிள்ளைக்கு 0.1 மில்லிலீற்றர். சிரிஞ்சில் அது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஊசி முனைக்கு மேலே ஒரு நூல் கனம். தாய் அழுகிறார், தகப்பன் கதவைத் தட்டுகிறார், அந்த நேரத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவே கணக்கை நடு இரவில் மனதில் போடக்கூடாது. கிலோவுக்குக் கிலோ அளவு எழுதிய பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் உண்டு. பாம்புக்கடிக்கு விஷமுறி மருந்தைப் பிள்ளைக்கென்று குறைப்பதில்லை. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லையே. வயல் வெட்டுக் காலத்தில் அம்பாறைப் பக்கம் வேலை செய்தபோது, “சின்னப் பிள்ளைதானே, பாதி போடுவோமா?” என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. பாதி போட்டால் பாதி விஷம் உடம்பிலேயே கிடக்கும்.

குழந்தையின் உடம்பு பெரியவருடைய உடம்பின் சின்னப் பிரதி அல்ல. தலை பெரிது, கழுத்து குட்டை. இரக்கப்பட்டு ஒரு தலையணையை வைத்தோமானால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு வழி மடிந்துவிடும். தலைக்குக் கீழே அல்ல, தோளுக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைக்க வேண்டும். இதற்குக் காசு ஒன்றும் வேண்டாம்.

சிறுவருக்கென்று கொழும்பில் சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது, 1895இல் தொடங்கியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வெல்லாவெளியிலோ வாகரையிலோ மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் முதலில் ஏறுவது பக்கத்து வைத்தியசாலையின் படி. அந்த முதல் அரை மணி நேரம் அங்கேயே கழிகிறது.

வசதி இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் மலாவி நாட்டைக் காட்டுவேன். நம்மைவிட மிக வறிய நாடு. அங்கே பிளான்டயர் நகரத்துப் பெரிய வைத்தியசாலையில், வருகிற பிள்ளைகளை வரிசையில் விடாமல் வாசலிலேயே பார்த்துப் பிரித்து, மோசமானவர்களுக்கு உடனே வைத்தியம் தொடங்கும்படி வேலையை மாற்றி அமைத்தார்கள். அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இருந்த இறப்பு, 6 முதல் 8 வரை இறங்கியது. இதை 2006இல் எழுதியும் வைத்தார்கள். நம் வெளிநோயாளர் பிரிவில் எந்தப் பிள்ளையை முதலில் உள்ளே விடுகிறோம்? வீரிட்டு அழுகிற பிள்ளையை. அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது, அம்மா. தாயின் தோளில் துவண்டு, சத்தமே போடாமல், கை கால் குளிர்ந்து கிடக்கிறதே, அதைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

பணக்கார நாட்டுக் கதையும் ஒன்று. அமெரிக்காவில் 2013இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அவசரப் பிரிவுகள் பிள்ளைகளுக்கு எவ்வளவு தயார் என்று புள்ளி போட்டுப் பார்த்தார்கள். வரிசையில் நடுவில் நின்ற இடத்துக்கே நூற்றுக்கு 69தான். பிள்ளைகளின் காரியத்தைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்த இடங்கள் கூடுதல் புள்ளி பெற்றன. எனக்கு அது வியப்பாக இல்லை. எல்லாருக்கும் பொறுப்பான அலுமாரியின் சாவி யாரிடமும் இருக்காது. அங்கே பிள்ளையின் நீளத்தை அளந்து நிறையை மதிப்பிடும் நிறப் பட்டி நாடா ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் சோதித்தபோது 10 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நிறையை அது கூட்டிக் காட்டியது. நம் பிள்ளைகளும் அந்த உடம்புவாகுதானே. ஆகவே நாடா இருந்தாலும் தராசு வேண்டும்.

முட்டு இழுக்கும், அதாவது ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பம்ப் மருந்து அடிக்கும்போது பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கிற குழாய் இல்லையா? அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியை அடைத்துப் பிடித்தால் போதும். கேப் டவுனில் 1999இல் ஒப்பிட்டுப் பார்த்து, விலைகொடுத்து வாங்குகிற குழாய்க்கு அது குறையவில்லை என்று கண்டார்கள். நான் பலமுறை செய்திருக்கிறேன். வெப்பமாக்கிய கம்பியால் துளை போட வேண்டும், கத்தியால் வெட்டினால் வாய் பொருந்தாது.

இனி, நேயர்களிடம் ஒன்று. காய்ச்சலோ விழுந்ததோ, எந்த அவசரத்திலும் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் மிஸ்ஸின் கையில் கொடுங்கள்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்காரரிடம் இன்னொன்று. ஓய்வு பெற்ற பிறகு ஓரிரண்டு இடங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். ஓரிடத்தில் குழந்தைத் தராசு களஞ்சிய அறையில், கடதாசிப் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தது. வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பில் இலக்கம் சரியாக இருந்தது. அவசரப் பிரிவுச் சுவரிலோ மூன்று மணிக்கூடுகள், மூன்றும் காலஞ்சென்ற தகப்பன்மாரின் நினைவாக அன்பளிப்பு, மூன்றும் மூன்று நேரம் காட்டின. அடுத்த நினைவு நாளுக்கு ஒரு தராசு கொடுங்கள். அதிலும் அப்பாவின் பெயரை எழுதலாம். தட்டில் எழுதாதீர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் துடைப்போம், ஆறு மாதத்தில் அழிந்துவிடும். பக்கவாட்டில் எழுதுங்கள்.