ஆர்டர் நிறைய இருந்துச்சு, சம்பளம் போட பணம் இல்ல

எல்லாருக்கும் வணக்கம். சொந்தமா தொழில் ஆரம்பிக்கப் போறவங்க கையைத் தூக்குங்கன்னு வழக்கமா மேடையில கேப்பாங்க, நான் கேக்கப் போறதில்ல, ஏன்னா தூக்காம கம்முனு உக்காந்திருக்கவங்கதான் பாதி நேரம் உண்மையிலயே ஆரம்பிக்கிறாங்க. நான் தைரியம் சொல்ல வரல, அது உங்ககிட்ட தேவைக்கு மேலயே இருக்கும். கணக்கு பேச வந்திருக்கேன், கொஞ்சம் போரடிக்கும், பொறுத்துக்கங்க.

ஒரு கதை எல்லா பிசினஸ் மீட்டிங்லயும் ஓடும். விமானத்துல பார்சல் அனுப்பற ஃபெடெக்ஸ் கம்பெனி 1970கள்ல தொடங்கின புதுசுல விமானத்துக்கு எரிபொருள் போடக்கூட காசில்லாம நின்னுச்சாம், நிறுவனர் ஃப்ரெட் ஸ்மித் மிச்சமிருந்த 5,000 டாலரை எடுத்துக்கிட்டு லாஸ் வேகாஸ் போய் பிளாக்ஜாக்ங்கற சீட்டுச் சூதாட்டம் ஆடி 27,000 ஆக்கிட்டு வந்தாராம். கைதட்டுவோம். ஜெயிச்சதால மேடையில சொல்றோம்ங்க, அதே மேஜையில தோத்துட்டு எழுந்து போனவனை எந்த மீட்டிங்குக்கும் யாரும் பேசக் கூப்பிடறதில்ல. அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வருஷா வருஷம் ஒரு கணக்கு போடுது, புதுசா திறக்கிற தொழில்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு முதல் வருஷத்துலயே மூடிடுது, அஞ்சு வருஷம் ஆகறதுக்குள்ள பாதி போயிடுது. நல்ல வருஷம் கெட்ட வருஷம்னு பெருசா வித்தியாசமே இருக்காது. மூடினதெல்லாம் தோல்வின்னு சொல்ல முடியாது, சிலர் வித்திருப்பாங்க, சிலர் வேற வேலைக்குப் போயிருப்பாங்க, இருந்தாலும் பாதின்னா பாதிதான்.

நிறைய பேர் நினைக்கிற மாதிரி ஆர்டர் வராமதான் எல்லாரும் மூடுறாங்கன்னு இல்ல, ஆர்டர் குவிஞ்சும் மூடுவாங்க. எப்படின்னு கேளுங்க. முதல் மாசம் உங்களுக்கு 100 ரூபாய்க்கு ஆர்டர், செய்ய 80 செலவு, சரக்கு குடுக்கறவர் ரொக்கம் கேக்கறார், வாங்கறவர் 90 நாள் கழிச்சு தர்றேங்கறார். சரி. ரெண்டாவது மாசம் 200க்கு ஆர்டர், ஊரே பாராட்டுது, 160 செலவு. மூணாவது மாசம் 300, செலவு 240. இப்ப நோட்டுல எழுதிப் பாத்தா 600க்கு வியாபாரம், லாபம் 120, அடேயப்பா. கையில பாத்தா 480 வெளிய போயிருக்கு, ஒத்த ரூபா உள்ள வரல. முதல் 100 வர்றப்ப நாலாவது மாசத்து ஆர்டருக்கு 320 தேடிக்கிட்டு இருப்பீங்க. எவ்வளவு வேகமா வளர்றீங்களோ அவ்வளவு பெரிய பள்ளம். இதைத்தான் தொழில்ல இருக்கவங்க ரொட்டேஷன்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லுவாங்க. மெஷினுக்கு அட்வான்ஸுக்கு எல்லாம் முதல் போட்டு வச்சிருப்பான், இந்தப் பள்ளத்துக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்க மாட்டான்.

நான் பிரிண்டிங் தொழில்ல இருக்கேன். ஆரம்பிச்சப்ப எனக்கு வந்த வேலையில முக்கால்வாசி ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து வந்துச்சு, பெரிய கம்பெனி, பேர் வேணாம். 60 நாள் கிரெடிட். நானும் நல்ல பிள்ளையா பில்லை அனுப்பிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு ஒரு கூச்சம். 58வது நாள் சம்பளத் தேதி நெருங்கிடுச்சேன்னு போன் பண்றேன், அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் ரொம்ப மரியாதையா சொல்றார், சார் உங்க பில்லுல பர்சேஸ் ஆர்டர் நம்பர், அதான் நாங்க ஆர்டர் குடுத்தப்ப போட்ட நம்பர், இல்ல, அதான் எடுக்காம ஓரமா வச்சிருக்கோம், புதுசா பில் போட்டு அனுப்பிடுங்க. புது பில்லுக்கு அன்னைலேர்ந்து மறுபடி 60 நாள். அவரைத் திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, நம்பர் போடாதது நான். ரெண்டாவது நாளே ஒரு போன் போட்டு பில் வந்துச்சா, எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வேலை செய்யற அஞ்சு பேருக்கும் கைமாத்து வாங்கித்தான் சம்பளம் போட்டேன். அந்த மாசம் லாபக் கணக்குல எங்களுக்கு நல்ல மாசம்!

இன்னொரு அசட்டுத்தனமும் பண்ணிருக்கேன், சொல்லிடறேன். அடக்கவிலை 100, அதுமேல 25 சதவீதம் வச்சு 125க்கு விக்கறேன். ஒருத்தர் பெரிய ஆர்டர் தர்றேன், 20 சதவீதம் தள்ளுபடி குடுங்கன்னார். 25ல 20 போனா 5 நிக்குமேன்னு மனசுக்குள்ள கழிச்சுப் பாத்துட்டு சரின்னுட்டேன். 125ல 20 சதவீதம் எவ்வளவுங்க? 25. நிக்கறது பூஜ்யம், அதுக்கப்புறம் வண்டி வாடகை என் கையிலேர்ந்து. முதலுக்கே மோசம். அடக்கத்து மேல போடற சதவீதம் வேற, வித்த விலையில நிக்கற சதவீதம் வேறங்கறது பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனா எதிர்ல பெரிய ஆர்டரை வச்சுக்கிட்டு ஒருத்தர் சிரிச்சா அது ஞாபகத்துக்கு வராது.

கடன் பத்தி. கம்பெனியா பதிவு பண்ணிட்டா கடன் கம்பெனியோட போச்சு, நம்மளை யாரும் தொட முடியாதுன்னு ஒரு நம்பிக்கை சுத்துது. அதுக்கு அடிப்படையா எல்லாரும் சொல்றது இங்கிலாந்துல 1897ல வந்த சாலமன் வழக்கு. அவர் பூட்ஸ் செய்யறவர், தன் தொழிலை கம்பெனி ஆக்கினார், கம்பெனி நொடிஞ்சுது, கடனை அவர்தான் தரணும்னு வழக்கு. கம்பெனி வேற ஆள், அவர் வேற ஆள்னு அப்ப அங்க கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிடுச்சு. சந்தோஷம். ஆனா கடன் குடுக்கறவங்களும் அந்தத் தீர்ப்பைப் படிச்சவங்கதானே? புதுக் கம்பெனிக்கு கடன் கேட்டுப் போனா பெரும்பாலும் உங்க சொந்த ஜாமீன்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் தருவாங்க. அந்த ஒரு கையெழுத்துல ரெண்டு ஆளும் மறுபடி ஒரே ஆள் ஆயிடறீங்க. போடாதீங்கன்னு சொல்லல, நானும் போட்டிருக்கேன். எந்தத் தொகை போனா வீடு தாங்கும், எதைத் தாண்டினா தாங்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க, அதுவும் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வச்சிடுங்க, ஏன்னா உள்ள இறங்கினப்புறம் அந்தக் கோடு தானா நகர ஆரம்பிச்சிடும், இன்னும் ரெண்டு மாசம் இன்னும் ரெண்டு மாசம்னு.

பார்ட்னர் விஷயம் ஒரு வரி. நண்பனா இருக்கும்போதே, நடுவுல ஒருத்தர் விலகினா அவர் பங்கு என்ன ஆகும்னு எழுதிக்கங்க, சண்டை வந்தப்புறம் எழுத முடியாது.

கடைசியா ஒரு பழக்கம். கேரி க்ளெய்ன்னு ஒரு மனோதத்துவ ஆய்வாளர், 2007ல இதைப் பத்தி எழுதினார், பிரீமார்ட்டம்னு பேர். போஸ்ட்மார்ட்டம் செத்தப்புறம் பண்றது, இது சாகறதுக்கு முன்னாடி. ஒரு வருஷம் கழிச்சு நம்ம தொழில் மூடியாச்சு, முடிஞ்சே போச்சுன்னு வச்சுக்கிட்டு ஏன் மூடினோம்னு ஆளாளுக்கு தனித்தனியா எழுதணும். மூடுமான்னு கேட்டா எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க, மூடியாச்சு காரணம் சொல்லுன்னு கேட்டா வாய் திறந்துடும், அவ்வளவுதான் இதுல சூட்சுமம்.

ரெண்டாவது மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி நாங்க இதைப் பண்ணினோம், சமையல்கட்டு மேஜையில, நானும் எங்க வீட்டம்மாவும். நான் மளமளன்னு பன்னெண்டு காரணம் எழுதினேன், போட்டி, பேப்பர் விலை, கரண்ட், மெஷின் ரிப்பேர், எல்லாமே வெளியில இருந்து வர்றது. அவங்க ஒரே வரி எழுதி பேப்பரை என் பக்கம் திருப்பி வச்சாங்க. "உங்களுக்கு காசு கேக்க வாய் வராது."

அடுத்த திங்கக்கிழமைலேர்ந்து பாக்கி வசூலுக்கு போன் பண்றது அவங்கதான். பில் போன ரெண்டாவது நாளே முதல் கால்.