பெரிய நாய், சின்னக் கார், தட்டையான தரை

வணக்கம், நேயர்களே.

வீட்டில் முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள ஒரு நாய். வாசலில் நிற்பதோ நான்கு பேர் ஏறினாலே முழங்கால் இடிக்கும் ஒரு சின்ன ஹேட்ச்பேக். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நீண்ட பயணம் போக முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் காருக்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

பெரிய நாயோடு போகும் சின்னக் காருக்குள் எட்டிப்பார்த்தால் பெரும்பாலும் நாய் நின்றுகொண்டிருக்கும். தலை கூரையில் தட்டும், மூச்சு ஓட்டுநரின் காதில் படும், ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறும். பார்ப்பவர்கள், "பாவம், இடம் போதவில்லை" என்பார்கள். உண்மையில் அது நிற்பதற்குக் காரணம் வேறு. பின் சீட்டின் அகலம் பெரும்பாலான சின்னக் கார்களில் 120 முதல் 130 சென்டிமீட்டர் வரை இருக்கிறது. ஒரு லாப்ரடார் நீட்டிப் படுக்க அது போதும். போதாமல் இருப்பது சீட்டின் ஆழம்தான். முதுகு சாயும் இடத்திலிருந்து முன் விளிம்பு வரை அது ஏறக்குறைய 45, 50 சென்டிமீட்டர்தான். நாய் பக்கவாட்டில் சாய்ந்தால் நான்கு கால்களும் வெளியே நீளும், கீழே கால் வைக்கும் பள்ளத்தில் தொங்கும். பிரேக் அடித்தால் உடம்பே பள்ளத்துக்குள் சரியும். ஓரிரு முறை அப்படி விழுந்த நாய் அதற்குப் பிறகு படுக்காது. வழி முழுக்க நான்கு காலையும் ஊன்றி, உடம்பை இறுக்கி நின்றுகொண்டே வரும். இறங்கும்போது அது களைத்துப்போய் இருப்பதற்கும், பல நாய்கள் காரைக் கண்டாலே பின்வாங்குவதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

ஆகவே முதல் வேலை அந்தப் பள்ளத்தை மூடுவது. கடையில் கிடைக்கும் தொட்டில் மாதிரியான துணி விரிப்பு இதற்குப் போதாது. முன் சீட்டு, பின் சீட்டு ஹெட்ரெஸ்ட்டுகளில் நான்கு பட்டைகளை மாட்டித் தொங்கவிடும் விரிப்பு அது. சேறும் முடியும் சீட்டில் ஒட்டாமல் காக்க நல்லது. ஆனால் பள்ளத்துக்கு மேலே அது வெறும் துணி. முப்பது கிலோ அதில் கால் வைத்தால் அப்படியே உள்வாங்கும். தரை என்று நம்பி மிதித்த இடம் உள்வாங்கினால், நாய்க்கு அது பள்ளத்தைவிட மோசம்.

ப்ளைவுட் பலகைதான் சரியான வழி. 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். நடுவில் தாங்கு கால் வைக்க முடியாவிட்டால் 18 மில்லிமீட்டர் எடுங்கள். முன் சீட்டுகளை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்துவிட்டு, பின் சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை அளந்து கொள்ளுங்கள். பலகையின் முன் விளிம்புக்குப் பள்ளத்தில் ஊன்றும் கால்கள் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காரின் தரையிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளந்து, அதே உயரத்துக்குக் கால் வெட்டிவிடுகிறார்கள். நாய் ஏறியதும் சீட்டின் ஃபோம் அமுங்கும், ஆனால் மரக்கால் அமுங்காது. பலகையின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒவ்வொரு அசைவுக்கும் ஆடும். அதனால் சீட்டின் மேல் ஒருவரை உட்கார வைத்து, அமுங்கிய நிலையில் உயரத்தை அளக்க வேண்டும். காரின் நடுவே தரையில் மேடு ஓடும் கார்களில் அதற்கு இரு புறமும் ஒவ்வொரு கால் வையுங்கள். மேட்டின் மேலேயே ஊன்றினால் வழுக்கும்.

முழுப் பலகை சின்னக் காரின் கதவு வழியே நுழையாது. நடுவில் இரண்டாக அறுத்துக் கீல் போட்டுக்கொள்ளுங்கள். மூலைகளை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். சீட் பெல்ட் செருகும் பக்கிள் மேலே வரும்படி ஒரு துளை வெட்டுங்கள். முன் சீட்டுக்கும் பலகைக்கும் நடுவே நாயின் பாதம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள். மேலே ரப்பர் மேட்டை ஒட்டுங்கள், ஆணியோ ஸ்டேப்ளரோ அடிக்காதீர்கள். மேட்டின் மேல் மெல்லிய மெத்தை போதும். குஷன் தடிமனாக இருந்தால் நாய் மறுபடி சமநிலைக்குப் போராடும். கடைசியாக, பலகையைப் பட்டையால் சீட்டோடு இறுக்கிக் கட்டுங்கள். மோதலில் கட்டாத பலகையே ஆளைக் காயப்படுத்தும்.

பின் சீட்டை முழுவதும் மடித்துவிட்டு நாயை டிக்கி வழியாக ஏற்றலாமே என்று கேட்கலாம். இடம் அதிகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சின்னக் காரில் டிக்கிக் கதவுக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் இடையே ஒரு பம்பர்தான் இருக்கிறது. பின்னாலிருந்து இடித்தால் முதலில் நசுங்கும் இடம் அது. அதனால் ஒரே ஒரு நாய் என்றால் பின் சீட்டுப் பலகைக்கே என் வாக்கு.

படுக்க இடம் கிடைத்துவிட்டது. இனி நாயைக் கட்டிப்போட வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். 30 கிலோ நாய், கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். எதிலோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது. அந்தக் கணத்தில் நாய் முன்னால் பாயும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு, அதாவது 600 கிலோவுக்குச் சற்றே குறைவு. கையால் பிடித்துக்கொள்வேன் என்பது நடக்காத காரியம். முன் சீட்டில் இருப்பவரின் முதுகில்தான் அந்த விசை முழுவதும் இறங்கும்.

கழுத்துப்பட்டையில் பெல்ட்டை மாட்டவே கூடாது. அந்த விசை முழுவதும் கழுத்தெலும்பிலும் மூச்சுக்குழாயிலும் விழும். நெஞ்சை அகலமாக அணைக்கும் ஹார்னஸ் வேண்டும். நடைக்குப் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஹார்னஸும் இதற்கு ஆகாது. அதன் பிளாஸ்டிக் கிளிப் இழுப்பைத் தாங்கும், மோதலைத் தாங்காது. காருக்கென்றே செய்து, மோதல் சோதனையில் தேறிய ஹார்னஸாகப் பார்த்து வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது.

அதை எங்கே மாட்டுவது? குழந்தை சீட்டுக்காக உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் அதில் மாட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கொக்கிகளுக்குக் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ என்பதுதான் கணக்கு. 40 கிலோ நாய்க்கு அது பொருந்தாது. ஹெட்ரெஸ்ட்டில் மாட்டுவதும் வேண்டாம். அது தலை சாய்க்க வைத்தது, மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். பெரிய நாய்க்கு நம்பகமான வழி, காரின் சீட் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் நுழைத்துப் பக்கிளில் செருகுவது. மனிதனின் எடைக்கென்றே செய்த பெல்ட் அது. இதில் ஒரு தொல்லை உண்டு. நாய் புரண்டு படுக்கும்போது பாதம் பக்கிளின் சிவப்புப் பொத்தானில் பட்டு, பெல்ட் கழன்றுவிடும். பொத்தானை மறைக்கும் உறைகள் விற்கிறார்கள். ஆனால் உறை போட்டால், அவசரத்தில் அதை எப்படிக் கழற்றுவது என்பது காரில் வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தனி இணைப்புப் பட்டை மாட்டினால் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் எழுந்து உட்கார்ந்து, திரும்பிப் படுக்க முடிய வேண்டும். முன் சீட்டுகளுக்கு நடுவே தலை நீட்ட முடியக் கூடாது. எலாஸ்டிக் வைத்த பட்டை வேண்டாம். சாதாரண நாளில் மென்மையாக இருக்கும், மோதும் நாளில் நீண்டுபோய் நாயை முன் சீட்டு வரை கொண்டு சேர்க்கும். சாவிக்கொத்தில் தொங்கும் அலுமினிய வளையங்களை நடுவில் சேர்க்காதீர்கள், உடைந்துவிடும். முன் சீட்டில் நாயை உட்கார வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரியும், நாயின் முகம் அதற்கு நேரே இருக்கும்.

இப்போது மூச்சு. சின்னக் காரில் பெரிய நாய் இருந்தால் கண்ணாடிகள் சீக்கிரம் பனிமூட்டம் போல் மங்கும். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான் சுரக்கிறது. உடம்புச் சூட்டை அது நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் ஈரத்தை ஆவியாக்கித்தான் வெளியேற்றுகிறது. அந்த ஈரம் முழுக்கச் சின்ன அறையின் காற்றில் சேர்கிறது. ஏசியை உள்காற்றையே சுற்றும் நிலையில் தொடர்ந்து வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. கண்ணாடி மங்குவதோடு, நாய்க்கு மூச்சிரைத்தும் சூடு தணியாது, ஏனென்றால் ஈரக் காற்றில் ஆவியாதல் மந்தமாகிவிடும். வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலையில் வைத்து ஏசியை ஓட்டுங்கள். பின்பக்கம் ஏசித் துவாரம் இல்லாத கார் என்றால் நடுத் துவாரங்கள் இரண்டையும் கூரையைப் பார்க்கத் திருப்புங்கள். குளிர்காற்று மேலே போய்ப் பின் சீட்டில் இறங்கும். பின் சன்னல்களுக்கு வெயில் மறைப்பு கட்டாயம்.

நின்ற காரில் நாயை விட்டுப்போவது பற்றி ஒரு வார்த்தை. வெளியே இதமான 22 டிகிரி இருந்தாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சன்னலை விரலளவு திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி; 41-ஐத் தாண்டினால் உயிர் ஆபத்து. விடாத மூச்சிரைப்பு, செக்கச்சிவந்த ஈறு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், இவை அறிகுறிகள். அப்போது முதலில் குளிர்விக்க வேண்டும். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படும்படி வைத்து, பிறகு மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஈரத் துண்டால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பாக்ஸர், புல்மாஸ்டிஃப் போலத் தட்டை முகமுள்ள நாய்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

காருக்கும் கொஞ்சம் கவனிப்பு தேவை. சின்னக் கார் ஏற்றக்கூடிய மொத்தச் சுமை பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆட்களையும் நாயையும் பெட்டிகளையும் கூட்டிப் பாருங்கள். பலகை போட்ட பிறகு முன்னால் இருவர், பின்னால் நாய், அவ்வளவுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் அட்டவணையில் முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும். பின் டயர்களுக்கு அந்த அளவை வையுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் அருகே எண்கள் போட்ட சிறிய திருகு இருந்தால் அதைத் திருப்பி ஒளியை ஒன்று, இரண்டு படி கீழே இறக்குங்கள். பின் கதவுகளின் குழந்தைப் பூட்டையும், சன்னல் பொத்தான்களைச் செயலிழக்கச் செய்யும் பூட்டையும் போடுங்கள். நாய் தலையை வெளியே நீட்டியபடி பாதத்தால் பொத்தானை மிதித்தால் கண்ணாடி கழுத்திலேயே ஏறும்.

இவ்வளவையும் தயார் செய்துவிட்டு முதல் நாளே 300 கிலோமீட்டர் கிளம்பிவிடாதீர்கள். முதலில் நிற்கும் காரில், என்ஜின் ஓடாமல், பலகையில் படுக்கப் பழக்குங்கள். படுத்தால் மட்டும் தின்பண்டம் கொடுங்கள். அடுத்து என்ஜினை ஓடவிட்டுப் பழக்குங்கள். பிறகு தெருவைச் சுற்றி வாருங்கள், அதற்கடுத்து பத்து நிமிடம் போய் வாருங்கள். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவது, இவையெல்லாம் வாந்திக்கு முன்னறிவிப்பு. கண்டதும் நிறுத்தி இறக்குங்கள். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். பெரிய, ஆழ்ந்த நெஞ்சுள்ள இனங்களுக்கு வயிறு நிறைந்தபின் குலுங்கினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. வாந்தியைத் தடுக்கும் மருந்து கால்நடை மருத்துவர் தந்தால் கொடுங்கள், மனிதர் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

ஏற்றும்போது வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டாம். முன்கால்களைப் பலகையில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்தொடைகளை அணைத்து உயர்த்துங்கள். முழுவதும் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், நெஞ்சுக்கு முன்னால் ஒரு கை, தொடைகளுக்குப் பின்னால் ஒரு கை. முப்பது கிலோவுக்கு மேல் இரண்டு பேர். வயதான நாய்க்குச் சாய்பலகை வையுங்கள். 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளமாவது வேண்டும், அதைவிடக் குட்டையானால் செங்குத்தாகி நாய் மறுக்கும். இறங்கும்போது குதிக்க விடாதீர்கள். நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்களே சுமக்கின்றன, குதித்தால் அடி முழுவதும் அங்கேதான்.

ஓட்டும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கால் மணி நேரம் நடக்க விடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தேவைப்படும். நிறுத்தத்தில் வரிசை ஒன்று உண்டு, அதை மாற்றாதீர்கள். ஒருவர் காருக்குள்ளேயே, கதவு மூடியிருக்கும்போதே லீஷை ஹார்னஸில் மாட்டி, அதன் கைப்பிடியைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றலாம். அதற்கும் பிறகுதான் கதவு, அதுவும் சாலை ஓடாத பக்கத்துக் கதவு; குழந்தைப் பூட்டு போட்டிருப்பதால் அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். தனியாக ஓட்டிப் போகிறவர் லீஷை மாட்டுவதையும் பெல்ட்டைக் கழற்றுவதையும் முன் சீட்டிலிருந்து கைநீட்டியே செய்யப் பழகியிருக்க வேண்டும். அதை வீட்டு வாசலில், கார் நிற்கும்போதே பழகிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.