கடலோரத் தோட்டத்துக் கலவைச் சிவப்பு ஒயின்: மார்கரெட் ரிவரிலிருந்து ஒரு போத்தல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசையில் ஒரே ஒரு போத்தல்தான். கல்லன் குடும்பத்தின் டயானா மேடலின். மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் என்கிற பகுதியிலிருந்து வரும் சிவப்பு ஒயின். 18 வயது நிரம்பாதவர்கள் இந்தப் பதிவை விட்டுவிட்டு வேறு ஏதாவது பாருங்கள். மற்றவர்கள் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இந்தப் போத்தலை எடுத்ததற்குக் காரணம், நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் தவறாமல் வருகிற ஒரு கேள்வி. ஒரே திராட்சையில் செய்த ஒயின்தானே உசத்தி, கலந்தது என்றால் கொஞ்சம் மட்டம்தானே என்பார்கள். விஸ்கியில் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலைச் சரக்கு, என்று பெருமையாகச் சொல்கிறார்கள் இல்லையா, அந்த எண்ணம் அப்படியே ஒயினுக்கும் வந்துவிட்டது. ஒயினில் அது பொருந்தாது. பிரான்சின் போர்தோவில் பெரிய பெயர் எடுத்த சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை கலவைதான். இன்னொன்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி, லேபிளில் ஒரே திராட்சையின் பெயரைப் போட அந்தத் திராட்சை 85 விழுக்காடு இருந்தாலே போதும். நீங்கள் தனி கேபர்னே திராட்சை என்று நினைத்து வாங்குகிற போத்தலிலும் மெர்லோ என்ற இன்னொரு திராட்சை கொஞ்சம் இருக்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்லது என்பதால்தான் சேர்க்கிறார்கள்.

நம் சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில் அரைத்த மசாலா விற்கிற கடை முன்னால் நின்று பாருங்கள். மீனா, ஆட்டிறைச்சியா, எத்தனை கிலோ, பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்று கேட்டுவிட்டு, இந்த விழுதில் ஒரு கரண்டி, அந்த விழுதில் அரைக் கரண்டி என்று அள்ளிச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதை யாராவது மட்டம் என்று சொல்வோமா? கலவை ஒயினும் அப்படித்தான். சேர்க்கிற கை தெரிந்த கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்னென்ன இருக்கிறது? பெரும்பங்கு கேபர்னே சாவிஞான். கூடவே மெர்லோ, மால்பெக், கேபர்னே ஃப்ரான், பெட்டி வெர்டோ. எது எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு வகை இல்லாமலும் போகும். கேபர்னே சின்னப் பழம், தடித்த தோல். சாற்றின் அளவுக்குத் தோலும் விதையும் மற்ற வகைகளைவிட அதிகம் என்பதால் துவர்ப்பு நிறைய இறங்கும். அந்தத் துவர்ப்பைத்தான் டானின் என்கிறார்கள். வாயில் வைத்ததும் முன்னால் பழம் தெரியும், முடிவில் துவர்ப்பு பிடிக்கும், நடுவில் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். அந்த நடுவை நிரப்புவது மெர்லோ. அது சதைப்பற்றான பழம், முன்னதாகவே பழுத்துவிடும், மென்மையாக இருக்கும். மால்பெக் கருஞ்சிவப்பு நிறமும் பழச்சுவையும் கொண்டுவரும். கேபர்னே ஃப்ரான் வாசனைக்கு. பெட்டி வெர்டோ கடைசியாகப் பழுக்கிற பிடிவாதக்காரத் திராட்சை. துளி சேர்த்தாலே நிறமும் புளிப்பும் விறைப்பும் ஏறிவிடும்.

வகைகள் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஆகவே தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாக நொதிக்க வைத்து, ஓக் பீப்பாய்களில் வைத்திருப்பார்கள். அப்புறம்தான் கலவை மேசை. கண்ணாடி அளவுக் குழாய்களை வரிசையாக வைத்துக்கொண்டு, 100 மில்லிக்கு இது 80, அது 12 என்று ஊற்றி, முகர்ந்து, சுவைத்து, துப்பி, எழுதிவைப்பார்கள். பெட்டி வெர்டோவை 2 மில்லியிலிருந்து 4 ஆக்கினால் முழுச் சுவையும் இறுகிப்போகும். மறுபடி குறைப்பார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெயில், மழை, மண் எல்லாம் தங்கள் வேலையை முடித்துவிட்டன. இனி மனித நாக்கின் பொறுப்பு. ஒரு நல்ல பீப்பாய் இதற்குச் சேரவில்லை என்றால் அதை ஒதுக்கிவைக்கவும் மனம் வேண்டும்.

இப்போது இடத்தைப் பற்றி. பெர்த்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர். நம் சாங்கி விமான நிலையத்திலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் 5 மணி நேரம் பக்கம் ஆகும், கடிகாரத்தை மாற்றவே வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். வடக்கே நேச்சரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை. இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக 100 கிலோமீட்டர் போலப் போகிற நிலம்தான் மார்கரெட் ரிவர் ஒயின் பகுதி. மூன்று பக்கமும் கடல். மேற்கே இந்தியப் பெருங்கடல், கன்னியாகுமரியில் கால் நனைக்கிறோமே, அதே கடல்.

கடல் பக்கத்தில் இருப்பதால் என்ன லாபம்? தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். கோடைப் பகலில் நிலம் கொதிக்கிறபோது பிற்பகலில் கடல்காற்று வந்து தணிக்கும். இரவில் நிலம் சட்டென்று குளிர்ந்துவிடாமல் கடல் பிடித்துவைக்கும். லூவின் நீரோட்டம் என்று வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிற ஓட்டம் ஒன்றும் அந்தக் கரையோரமாக இறங்குகிறது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்துவிடும், பழம் பழுக்கிற மாதங்கள் காய்ந்தே இருக்கும். கேபர்னே போல நேரம் எடுத்துப் பழுக்கிற திராட்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவசரமில்லாமல் தோலும் விதையும் முற்றும், சர்க்கரை மட்டும் தாறுமாறாக ஏறாது. அதற்காகக் கடல் நல்லது மட்டுமே செய்கிறது என்றும் சொல்ல மாட்டேன். வசந்தத்தில் பலமான காற்று அடிக்கும். கொடி பூக்கிற நேரத்தில் அந்தக் காற்று வந்தால் பூ உதிர்ந்து, காய் பிடிக்காமல் போகும். ஒரு வகை அடிவாங்கி இன்னொரு வகை தப்பித்த ஆண்டுகளில், பல வகைகளைப் பயிரிட்டிருப்பவருக்குக் கை கொடுப்பது அந்தக் கலவை வழக்கம்தான். போர்தோக்காரர்கள் அட்லாண்டிக் மழைக்குப் பயந்து பல வகைகளை நட்டதும் இதே கணக்குதான்.

இந்த இடத்தில் திராட்சை போடலாம் என்று எழுத்தில் வைத்தவர் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி. 1960களின் நடுவில் வானிலைப் பதிவுகளை எல்லாம் அலசி, இந்தப் பகுதி போர்தோவோடு ஒப்பிடத் தக்கது என்று எழுதினார். அதுவரை அங்கே மாடு மேய்ச்சலும் மர வெட்டும்தான். அதைப் படித்துவிட்டு முதலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள்! டாக்டர் டாம் கல்லிட்டி 1967இல் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். பஸல்டன் ஊரில் மருத்துவராக இருந்த கெவின் கல்லனும் அவர் மனைவி டயானாவும் 1971இல் மார்கரெட் ரிவர் பகுதியின் வில்யாப்ரப் என்ற இடத்தில் கொடி நட்டார்கள். கெவின் சும்மா ஆள் இல்லை. ஊர் மக்களின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிற பஸல்டன் ஆய்வை 1966இல் தொடங்கியவர் அவர்தான்.

மருத்துவமனை, ஆய்வு என்று கெவின் ஓடிக்கொண்டிருக்க, ஒயினைக் கையில் எடுத்தவர் டயானா. இயன்முறை மருத்துவம் படித்தவர், ஆறு பிள்ளைகளின் தாய். பெண்கள் ஒயின் தயாரிப்பில் அபூர்வமாக இருந்த காலத்தில் 1981இலிருந்து அந்தப் பொறுப்பை அவர் பார்த்தார். 1989இல் கடைக்குட்டி மகள் வன்யா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தோட்டத்தை இயற்கை முறைக்கும் பிறகு பயோடைனமிக் என்ற, நிலா நாள்காட்டி பார்த்துச் செய்கிற வேளாண் முறைக்கும் மாற்றியது வன்யாதான். அதுவரை கேபர்னே மெர்லோ என்று மட்டும் இருந்த ஒயினுக்கு 2001 அறுவடையிலிருந்து அம்மாவின் பெயர். டயானா காலமானது 2003இல். மகள் அம்மா பெயரை லேபிளில் போட்டிருக்கிறார் என்றால், ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கலவை மேசையில் அவர் எவ்வளவு கவனமாக உட்கார்வார்! ஆண்டு சரியில்லை, விற்றாக வேண்டும், எப்படியாவது ஊற்றிவிடு என்று சொல்ல வெளியே ஒரு முதலாளி இல்லை. குடும்பத் தோட்டம் என்று கேட்டாலே நான் கொஞ்சம் கூடுதலாக மதிப்பதற்கு இதுதான் காரணம்.

குருவிக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சில்வர்ஐ என்று ஒரு சின்னப் பறவை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நம் ஊர்ப் பூங்காக்களில் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு போகிற வெள்ளைக்கண்ணிக்குச் சொந்தம். அது பழுத்த திராட்சையைக் குத்திக் குடித்துவிட்டுப் போய்விடும். குத்துப்பட்ட பழம் அழுகும், பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும். அதே பருவத்தில் அங்கே மாரி என்ற, யூகலிப்டஸுக்கு நெருங்கிய சொந்தமான மரம் பூக்கும். பூவில் தேன் நிறைய இருந்தால் குருவி திராட்சைப் பக்கமே வராது. பூ பொய்த்துவிட்டால் மொத்தப் பட்டாளமும் தோட்டத்தில் இறங்கும், கொடி வரிசை முழுக்க வலை போர்த்த வேண்டும். அறுவடை நெருங்கும்போது தோட்டக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது மேகத்தை மட்டும் அல்ல, மாரிப் பூவையும்தான்.

இனி திறக்கலாம். திருகு மூடி. திருகு மூடி என்றால் மலிவு என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் நல்ல ஒயின்களுக்கும் இதுதான், கார்க் கெட்டு வாடை அடிக்கிற தொல்லை இல்லை. இதோ ஊற்றுகிறேன், வெள்ளைத் தாள் மேல் கிளாஸைச் சாய்த்துக் காட்டுகிறேன், பாருங்கள். நடுவில் அடர்ந்த சிவப்பு, ஓரத்துக்கு வர வர மாணிக்கச் சிவப்பாக இளகுகிறது. மூக்கில் முதலில் பிளாக்கரண்ட் என்ற கருநிறச் சின்னப் பழம், ரைபீனா பானம் குடித்து வளர்ந்த நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த அந்த மணம். அதற்குப் பின்னால் காய்ந்த இலை, பென்சில் சீவியது போல் ஒரு மர வாசம். வாயில் வைத்தால்... ம்ம். துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பல்லைப் பிடித்து இழுக்கவில்லை, பொடியாக அரைத்த மாவு மாதிரி நாக்கின் இருபுறமும் படிகிறது. நடுவில் நான் சொன்ன அந்த வெறுமை இல்லவே இல்லை. பழம் நின்று பேசுகிறது, விழுங்கிய பிறகும் போக மாட்டேன் என்கிறது. முடிவில் ஓர் உப்புத்தன்மை போல ஒன்று எனக்குத் தெரிகிறது. கடலிலிருந்து நேராக உப்பு வந்து ஒயினில் சேர்கிறது என்று சொல்ல மாட்டேன், என் நாக்குக்கு அப்படிப் படுகிறது.

இதை இந்தப் பதத்தில் சுவைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அதை நீங்களும் செய்ய வேண்டும். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்பது குளிர் நாட்டு அறைகளுக்குச் சொன்னது. நம் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் மது நெடி மட்டும் மூக்கில் ஏறும், பழம் செத்துப்போகும். 17, 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் பக்கம் வைக்கலாம். அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10, 15 நிமிடம். வாங்கும் கடையையும் பாருங்கள். ஒரு கடையில் நல்ல போத்தல்களைக் கண்ணாடி ஜன்னலோரம் பிற்பகல் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். தொட்டால் கதகதப்பு. விலை எவ்வளவு குறைத்தாலும் அங்கே வாங்காதீர்கள்.

சாப்பாடு. மீன் தலைக்கறி வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்தால் கவுச்சி அடிக்கும். மிளகாய் விழுதான சம்பாலும் வேண்டாம், மிளகாய்க் காரத்தை மதுவும் துவர்ப்பும் சேர்ந்து தூக்கிவிடும், நாக்கு எரியும். என் தேர்வு ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான். தேக்காவில் கொஞ்சம் கொழுப்போடு வெட்டித் தரச் சொல்லி, மிளகாயைக் குறைத்து, மிளகும் சோம்பும் தூக்கலாக, சுருளச் சுருள வதக்குங்கள். டானின் இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நாக்கை விட்டுவிடும். ஒரு வாய் இறைச்சி, ஒரு மிடறு ஒயின், துவர்ப்பு அப்படியே பட்டாகிவிடும். சமைக்க நேரமில்லை என்றால் உணவங்காடியில் ரோஸ்ட் வாத்து வாங்கி வாருங்கள், அதுவும் நன்றாகப் போகும்.

விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. நம் ஊரில் ஒயினில் இருக்கிற மதுவுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 13 விழுக்காடு மதுவுள்ள 750 மில்லி போத்தலுக்கு அதுவே 8 வெள்ளி 58 காசு, அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. தீர்வை போத்தலின் விலையைப் பார்ப்பதில்லை, மதுவின் அளவைத்தான் பார்க்கிறது. அதனால் இங்கே மலிவு ஒயின் வாங்கினால் கொடுக்கிற காசில் பாதி வரிக்கே போய்விடும். மாதம் நான்கு சாதாரணப் போத்தலுக்குப் பதிலாக ஒரு நல்ல போத்தல் வாங்கி நால்வராகப் பகிர்ந்து குடியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இந்தப் போத்தல் கைக்கு எட்டவில்லை என்றால் மார்கரெட் ரிவரிலிருந்தே வருகிற சாதாரண கேபர்னே மெர்லோ கலவை ஒன்றை எடுங்கள். பெரிய தோட்டங்களின் இரண்டாம் வரிசை ஒயினிலும் அந்தக் கடல்பக்கத்துக் குணம் தெரியும்.

மிச்சம் இருந்தால் மூடியைத் திருகி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலை வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டுச் சுவைத்துப் பாருங்கள், துவர்ப்பு இன்னும் தளர்ந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிரட்டலோடு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு சுவையுங்கள். அடுத்த பதிவில் இதே பகுதியின் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின்.