மூலேன் நகரத்து ஓவியர்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஓர் ஓவியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் தீட்டிய படங்கள் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. தீட்டியவர் யார் என்பதுதான் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே விவரிக்கிறேன். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்லது.

பிரான்ஸின் நடுப்பகுதியில் மூலேன் என்று ஒரு சிறு நகரம். பதினைந்தாம் நூற்றாண்டில் அது பூர்போன் கோமகன்களின் தலைநகரம். அங்குள்ள பேராலயத்தில், மூன்று மரப்பலகைகளைக் கீல் போட்டு இணைத்த ஒரு பீட ஓவியம் இருக்கிறது. நடுப்பலகையில் மாதா, மடியில் குழந்தை இயேசு. பின்னால் வானவில்லின் நிறங்களில் ஒளிவட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக விரிகின்றன. காலடியில் பிறை. சுற்றிலும் தேவதூதர்கள், அவர்களில் இருவர் பன்னிரண்டு நட்சத்திரங்கள் கொண்ட கிரீடத்தைத் தலைக்கு மேலே ஏந்தியிருக்கிறார்கள். இடப்பக்கப் பலகையில் புனித பேதுரு; அவர் முன்னால் கோமகன் இரண்டாம் பியர் முழந்தாளிட்டிருக்கிறார். வலப்பக்கத்தில் புனித அன்னம்மாள். அவர் முன்னால் கோமகனின் மனைவி ஆன், கூடவே மகள் சூசான்.

இந்த ஆன் லேசுப்பட்ட பெண்மணி அல்ல. மன்னர் பதினோராம் லூயியின் மகள். 1483இல் தந்தை இறந்தபோது தம்பி எட்டாம் சார்ல்ஸ் பதின்மூன்று வயதுப் பையன். அடுத்த சில ஆண்டுகள் பிரான்ஸை உண்மையில் ஆண்டது இந்த அக்காதான். மகள் சூசான் 1491இல் பிறந்தவள். படத்தில் அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அதை வைத்துத்தான் இந்த ஓவியம் 1498 முதல் 1500 வரையிலான காலத்தது என்று கணக்கிடுகிறார்கள்.

இவ்வளவு பெரிய இடத்து வேலை. ஆனாலும் ஓவியர் தன் பெயரை எங்கும் எழுதவில்லை. கூலி கொடுத்த கணக்கும் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஃப்ளாரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோவின் வேலை என்றுகூடச் சொன்னார்கள். அழகாக இருந்தால் இத்தாலியர்தான் தீட்டியிருப்பார் என்று எண்ணிய காலம் அது. கடைசியில், இப்படிப்பட்ட இடங்களில் கலை வரலாற்றாளர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். படம் இருக்கும் ஊரையே பெயராக்கி, 'மூலேன் ஆசான்' என்று அழைத்தார்கள். 1904இல் பாரிஸில் பழைய பிரெஞ்சு ஓவியங்களுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதிலிருந்து இந்தப் பெயரற்றவரின் புகழ் பரவியது.

சரி, ஊர்ப்பெயர் வைத்தாகிவிட்டது. அப்புறம்? அதே கை வேறு எங்கெல்லாம் வேலை செய்திருக்கிறது என்று தேட வேண்டும்.

பாட்டின் நடுவில் வானொலியைப் போட்டாலும், அறிவிப்பாளர் சொல்லாமலே இது இன்னார் குரல் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? இந்தத் தேடலுக்கும் அடிப்படை அதுதான். ஆனால் எனக்குத் தோன்றுகிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எதனால் தோன்றுகிறது என்று காட்ட வேண்டும். அதற்கு வழி வகுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி. 1816இல் பிறந்து 1891இல் இறந்தவர். ஜெர்மனியில் மருத்துவமும் உடற்கூறியலும் படித்தவர். பிற்பாடு இத்தாலிய செனட்டிலும் உறுப்பினராக இருந்தார். அவர் சொன்னது இது: படத்தின் மையத்தில் இருக்கும் முகபாவத்தையும் உடல் நிலையையும் யார் வேண்டுமானாலும் பார்த்துப் போடலாம், சீடன் ஆசானிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காது மடல், விரல் நகம், உள்ளங்கையின் வடிவம், துணியின் சிறு மடிப்பு ஆகியவற்றை ஓவியர் யோசித்து வரைவதில்லை, கை தன் பழக்கத்தில் போட்டுவிடுகிறது. ஆகவே அங்கே பாருங்கள். இப்படிப் பார்த்துத்தான் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் யாரோ பிற்காலத்தவர் செய்த நகல் என்று ஒதுக்கப்பட்டிருந்த உறங்கும் வீனஸ் ஓவியத்தை, வெனிஸ் நகரத்து ஜார்ஜோனேயின் வேலை என்று அவர் அடையாளம் காட்டினார். 1525ஆம் ஆண்டளவில் வெனிஸ்காரர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று, ஜார்ஜோனே தொடங்கி டிஷியன் முடித்த உறங்கும் வீனஸ் ஒன்றைச் சொல்கிறது. அந்த வீனஸின் காலடியில் மன்மதக் குழந்தை ஒன்று இருந்ததாகவும் அதில் இருக்கிறது. டிரெஸ்டன் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, பிற்காலத்தில் மேலே வண்ணம் பூசி மறைத்த அந்தக் குழந்தை வெளிப்பட்டது.

மூலேனுக்குத் திரும்புவோம். அந்தப் பீட ஓவியத்தில் கையின் பழக்கங்கள் என்னென்ன? முதலில் கண்ணிமைகள். மாதாவுக்கும் தேவதூதர்களுக்கும் கனத்த, பாதி தாழ்ந்த இமைகள். இமையின் விளிம்பு ஒரே கோடாக, மிகத் துல்லியமாக இருக்கும். அகன்று உயர்ந்த நெற்றி, சிறிய மோவாய். வெளிறிய தோல், அதன் நிழல் பழுப்பாக இல்லாமல் சாம்பல் சாயலோடு விழும். மெலிந்த நீண்ட விரல்கள். நிறங்கள் பீங்கான் மேல் பூசியதைப் போலப் பளபளக்கும், தூரிகைத் தடமே தெரியாது.

இந்த அடையாளங்களோடு தேடினால் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. லூவர் அருங்காட்சியகத்தில் இரண்டு வயதுப் பட்டத்து இளவரசன் சார்ல்ஸ் ஓர்லானின் படம், 1494ஆம் ஆண்டுத் தேதியோடு. சிகாகோவில் கபிரியேல் தூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. லண்டனில் ஒன்று, கிளாஸ்கோவில் ஒன்று. இவற்றை நான் விரைவாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

அது ஒரு சிறுமியின் படம். ஹாப்ஸ்பர்க் குலத்து மார்கரெட். மூன்று வயதில், எட்டாம் சார்ல்ஸுக்கு நிச்சயம் செய்து பிரான்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனின் மேற்பார்வையில், வருங்கால ராணியாக வளர்ந்தாள். 1490 வாக்கில், அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது தீட்டிய படம். உடையின் கழுத்தோரத்தில் சார்ல்ஸ், மார்கரெட் இருவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கோத்திருக்கிறார்கள். 1491இல் சார்ல்ஸ் வேறொரு பெண்ணை, பிரித்தானி நாட்டு ஆனை, மணந்துகொண்டான். அந்தச் சிறுமியை அவள் தந்தையிடம் திருப்பி அனுப்பியது 1493இல்தான். ஓவியருக்கு இது எதுவும் அப்போது தெரிந்திருக்க முடியாது. ஆனால் அவர் அவளைப் பொம்மை இளவரசியாகத் தீட்டவில்லை. கனத்த இமைகள், கொஞ்சம் துருத்திய உதடு, கையில் செபமாலை. அரசகுடும்பத்துக் குழந்தை எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று அருகிலிருந்து பார்த்த ஒருவரின் படம் அது. மூலேன் ஓவியத்தில் சூசானுடைய முகத்திலும் அதே பார்வை, பெரிய கிரீடத்துக்கும் கனத்த பட்டாடைக்கும் நடுவில் அந்தச் சின்ன முகம். குழந்தைகளை இவ்வளவு மரியாதையோடு தீட்டிய இன்னொரு ஓவியரை அந்தக் காலத்துப் பிரான்ஸில் எனக்குத் தெரியாது. மொரெல்லியின் காது மடல்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்குச் சமமாக, ஓர் ஓவியர் எதன்மேல் அக்கறை காட்டுகிறார் என்பதும் அடையாளம்தான் என்பது என் கருத்து.

இந்தக் குழுவில் மிகப் பழைய படம் பர்கண்டிப் பகுதியில், ஓத்தன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயேசு பிறப்புக் காட்சி. ஓரத்தில் கர்தினால் ழான் ரோலேன் முழந்தாளிட்டிருக்கிறார். அவருடைய சிவப்பு அங்கியின் மேல் ஒரு சின்ன வெள்ளை நாய்க்குட்டி. கர்தினால் இறந்தது 1483இல். அப்படியானால் படம் அதற்கு முந்தையது. ஓவியர் இளைஞராக இருந்த காலம். அதில் வரும் இடையர்களைப் பார்த்தவுடன், கென்ட் நகரத்தில் வேலை செய்த ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஹ்யூகோ வான் டெர் கூஸ் நினைவுக்கு வருகிறார். வேலை கற்ற இடத்தை இளமையில் மறைக்க முடியாது. ஆக, எந்த ஆவணமும் கையில் இல்லாமலே, படங்களை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: இவர் பிரெஞ்சுக்காரர்களுக்காக வேலை செய்தவர், ஆனால் தொழில் கற்றது வடக்கே, ஃபிளாண்டர்ஸ் பக்கத்தில். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தேடும் படலம் தொடங்கியதும் எல்லாரும் ழான் பெரேயல் என்பவரைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் எளிது. பெரேயல் லியோன் நகரத்தில் இருந்த அரசவை ஓவியர், பூர்போன் குடும்பத்துக்கும் வேலை செய்தவர். அவரைப் பற்றி ஆவணங்கள் நிறைய. ஆனால் அவருடையது என்று உறுதியாகக் காட்ட ஒரு படமும் இல்லை. இங்கே படமிருந்தும் பெயரில்லாத ஒருவர், அங்கே பெயரிருந்தும் படமில்லாத ஒருவர். இருவரையும் சேர்த்துவைக்கும் ஆசை யாருக்கும் வரும். இந்தத் துறையில் மிகப் பெரிய ஆபத்து இந்த ஆசைதான் என்று நினைக்கிறேன். பல பத்தாண்டுகள் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1963இல் சார்ல் ஸ்டெர்லிங் என்ற வரலாற்றாளர், பெரேயலே எழுதி அரசருக்குக் கொடுத்த ஒரு கவிதையோடு சேர்ந்த சிற்றோவியத்தை வெளியிட்டார். அது பெரேயலின் கை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மூலேன் ஆசானின் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு பிரஸ்ஸல்ஸ் படம். பெல்ஜியத்தின் அரச அருங்காட்சியகத்தில், முள்முடி சூடிய இயேசுவை மார்பளவுக்குத் தீட்டிய பலகை ஒன்று இருக்கிறது. மிகவும் சிதைந்த படம். அதன் பின்பக்கத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள்: மன்னர் எட்டாம் சார்ல்ஸின் நோட்டரியும் செயலருமான ழான் குயெயெத் என்பவர், தன் அறுபத்து நான்காம் வயதில், 1494இல், இந்தப் படத்தை மேன்மைமிக்க ஓவியர் ழான் ஹேயைக் கொண்டு செய்வித்தார். ஓவியரின் பெயரோடு ஒரு சொல்லும் சேர்ந்திருக்கிறது: 'தியூதோனிகுஸ்'. ஜெர்மானிய மொழிகள் பேசும் வடக்குப் பகுதியைச் சேர்ந்தவர் என்று பொருள், ஃபிளாண்டர்ஸும் அதில் அடக்கம்.

ஓத்தன் படத்தை வைத்துக் கண்கள் சொன்னதையே இந்தப் பலகையின் முதுகு எழுத்தில் சொல்கிறது. 1968இல் ஸ்டெர்லிங்கும் நிக்கோல் ரெனோ என்ற ஆய்வாளரும், மூலேன் ஆசான்தான் இந்த ழான் ஹே என்று விரிவாக வாதிட்டார்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ழான் லெமேர் என்ற கவிஞர் இளமையில் பூர்போன் கோமகன் பியரிடம் கணக்கெழுத்தராக வேலை பார்த்தவர். 1503ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்த ஒரு பிரபுவுக்காக அவர் எழுதிய இரங்கல் பாடலில், துக்கத்தைத் தீட்ட வாருங்கள் என்று அக்கால ஓவியர்களை அழைக்கிறார். லியோனார்டோவின் பெயர் வருகிறது, பெருஜினோவின் பெயர் வருகிறது. பெரேயல் வருகிறார். தனியாக, ழான் ஹேயும் வருகிறார். உன் உன்னதமான கை சும்மாவா இருக்கிறது என்று கவிஞர் அவரைக் கேட்கிறார். பூர்போன் அரண்மனையில் யார் யார் வேலை செய்தார்கள் என்று அறிந்த மனிதர், இருவரையும் இரண்டு பேராகவே சொல்கிறார்.

எல்லாத் தேடலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1899இல் பெர்னார்ட் பெரன்சன் என்ற பெரிய நிபுணர், ஃப்ளாரன்ஸ் ஓவியங்கள் சிலவற்றைச் சேர்த்து, போட்டிச்செல்லியின் பாணிக்கு மிக அருகில் நிற்கும் பெயர் தெரியாத ஓவியர் ஒருவரை உருவாக்கினார். சாந்த்ரோவின் நண்பர் என்று அவருக்குப் பெயரும் கொடுத்தார். சாந்த்ரோ என்பது போட்டிச்செல்லியின் இயற்பெயர். பின்னால் பார்த்தால் அப்படி ஒருவரே இல்லை. பெரும்பாலான படங்கள் ஃபிலிப்பினோ லிப்பி இளமையில், போட்டிச்செல்லியின் பட்டறையில் இருந்தபோது தீட்டியவை. தான் படைத்த மனிதரைப் பெரன்சனே கைவிட்டார். ஆனால் அந்தக் கூட்டல் வீண் போகவில்லை. படங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்ததால்தான், அவை ஓர் இளைஞனின் தொடக்க காலம் என்று அடுத்தவர்களால் பார்க்க முடிந்தது.

ழான் ஹேயை இன்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தயங்குகிறவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் படம் சிதைந்தது, அதில் வேதனை அதிகம். மூலேன் மாதாவின் அமைதிக்கும் அதற்கும் தூரம் இருக்கிறது. என் முடிவு வேறு. ஓவியரின் ஊர்ப்பக்கம், காலம், அரசவட்டம், ஒரே புரவலர் வீட்டை அறிந்த கவிஞரின் சாட்சி, எல்லாமே தனித்தனி வழிகளில் வந்து ஒரே ஆளிடம் நிற்கின்றன. பாடுபடும் இயேசுவையும் விண்ணில் வீற்றிருக்கும் மாதாவையும் ஒரே மனநிலையில் தீட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

இந்தப் படங்களில் பலவற்றை அருங்காட்சியகங்கள் இணையத்தில் பெரிய அளவில், இலவசமாகவே வைத்திருக்கின்றன. இன்றைக்கு நேரம் கிடைத்தால் மார்கரெட்டின் படத்தையும் மூலேன் ஓவியத்தில் சூசானின் முகத்தையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் இமைகள், அடுத்து விரல்கள். அப்புறம் ஓத்தன் படத்துக்குப் போங்கள். என் முடிவோடு உடன்படுகிறீர்களா, தயங்குகிறவர்கள் பக்கம் நிற்கிறீர்களா என்று நிலையத்துக்கு எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன். வணக்கம்.