ஏரிக்கரையில டென்ட் போடலாமா? இடம் பார்க்கறது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வரேன். கேட்டவர் நீளமா எழுதியிருக்கார், சுருக்கிச் சொல்றேன். குடும்பத்தோட ரெண்டு ராத்திரி கேம்ப் போகணும். சின்னப் பசங்க கூட வராங்க. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஏரி, கிராமத்துப் பக்கமா அமைதியான இடம் வேணும். விளம்பரப் படங்கள்ல எல்லாம் தண்ணி ஓரத்துலயே டென்ட் போட்டிருக்காங்க. அந்த மாதிரி இடமே எடுக்கலாமா, வேற எதைப் பார்த்து முடிவு பண்றதுன்னு கேட்டிருக்கார்.

தண்ணி ஓரம் வேண்டாங்க. அந்தப் படம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுத்தது. நீங்க அங்க படுத்திருக்கப் போறது ராத்திரி மூணு மணிக்கு. கேம்ப் இடத்தைக் கண்ணுக்கு அழகா இருக்கான்னு பார்க்காம, ராத்திரிக்கும் மழைக்கும் தாங்குமான்னு பார்க்கணும். நான் சொல்லப் போறது எல்லாம் இதுலேர்ந்து வர்றதுதான்.

ஏரின்னாலே அந்த வட்டாரத்துல இருக்கற பள்ளமான இடம். ராத்திரி தரை குளிர்ந்ததும் அதை ஒட்டியிருக்கற காத்தும் குளிர்ந்து கனமாகும். கனமான காத்து தண்ணி மாதிரியே சரிவுல இறங்கி வந்து பள்ளத்துல தேங்கும். அங்க ஏற்கெனவே ஏரியிலேர்ந்து வந்த ஈரப்பதம் நிறைய இருக்கு. டென்ட் துணி வானத்தைப் பார்த்துக்கிட்டு வெப்பத்தை விட்டுட்டே இருக்கறதால சுத்தியிருக்கற காத்தை விடவும் சில்லுனு ஆயிடும். உள்ள நாலு பேர் விடற மூச்சு அந்தத் துணியில பட்டு முத்து முத்தா கோத்துக்கும். காலையில எழுந்து பார்த்தா போர்வை ஈரம். "டென்ட் ஒழுகுது"ன்னு கடைக்காரரைத் திட்டுவாங்க, பாவம். ஒழுகலா வேர்வையான்னு கண்டுபிடிக்கறது சுலபம். தையல் ஓரத்துல மட்டும் கோடா ஈரம் இருந்தா ஒழுகல். துணி முழுக்க ஒரே சீரா நனைஞ்சிருந்தா அது உள்ள கோத்த ஈரம்தான். இதுக்கு மருந்து ரெண்டு: டென்ட்டோட காத்து ஜன்னலை மூடாம விடறது, இடத்தைக் கொஞ்சம் மேல கொண்டு போறது. சில மீட்டர் ஏறினாலே வித்தியாசம் நல்லா தெரியும்.

அதனால நீங்க தேட வேண்டியது ஏரிக்கு மேல, சரிவுல ஒரு படிக்கட்டு மாதிரி சமமா நிக்கற திட்டு. தண்ணியிலேர்ந்து குறைஞ்சது 60 மீட்டர் தள்ளி. பெரியவங்க நடையில ஏறக்குறைய எழுபது காலடி தூரம். 'லீவ் நோ டிரேஸ்'னு, இயற்கையான இடங்கள்ல தடம் விடாம தங்கிட்டு வர்றதுக்கான வழிமுறைகள் இருக்கு; அதுல சொல்ற 200 அடியும் இந்த அளவுதான். இதுல மூணு லாபம் இருக்கு. உங்க பாத்திரம் கழுவின தண்ணி ஏரிக்குப் போகாது. இருட்டினதும் தண்ணி குடிக்க வர்ற மிருகங்களுக்கு நீங்க குறுக்க இருக்க மாட்டீங்க. குழந்தைங்க டென்ட்டை விட்டு வெளிய வந்த உடனே தண்ணியில கால் வைக்கற நிலைமை இருக்காது. குழந்தைங்க வர்றதால இன்னொண்ணும் பாருங்க: டென்ட்டுலேர்ந்து கழிவறைக்குப் போற வழி ஏரிப் பக்கமா இருக்கக் கூடாது. அரைத்தூக்கத்துல, டார்ச் வெளிச்சத்துல நடக்கற வழி அது.

அடுத்தது நீர்மட்டம். "இது இயற்கை ஏரியா, அணை கட்டின நீர்த்தேக்கமா?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க. நீர்த்தேக்கமா இருந்தா, நீங்க இருக்கற இடத்துல ஒரு சொட்டு மழை இல்லாம, மேல எங்கயோ பெஞ்ச மழைக்கு இங்க மட்டம் ஏறும். அணைக்குக் கீழ ஆத்தோரமா இடம் குடுத்தா யோசிக்கவே வேண்டாம், மறுத்துடுங்க. மதகு திறந்தா பெட்டி படுக்கை எடுக்கக்கூட நேரம் இருக்காது. வறண்டு கிடக்கற ஓடைக்குள்ளயும் அப்படித்தான். மணல் மெத்துன்னு சமமா இருக்கும், ஆசையா இருக்கும். அந்த மணலை அப்படிச் சமமா போட்டதே வெள்ளம்தான்.

தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குங்கறதை இடமே சொல்லும். புதர்கள்ல காஞ்ச குச்சி, வைக்கோல், பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரே உயரத்துல சிக்கியிருக்கும். பாறையில வெள்ளையா கோடு தெரியும். ஒரு மட்டத்துக்குக் கீழ பெரிய செடியே இருக்காது, இளசா புல் மட்டும் இருக்கும். அந்த மட்டத்துக்கு மேலதான் நம்ம டென்ட். வீட்டுலேர்ந்தே பார்க்கணும்னா, கம்ப்யூட்டர்ல போடற கூகுள் எர்த்துல அதே இடத்தோட பழைய வருஷத்துப் படங்களும் இருக்கு. மழைக்காலப் படத்தையும் கோடைக்காலப் படத்தையும் மாத்தி மாத்திப் பாருங்க. நீங்க பதிவு பண்ண நினைச்ச "ஏரிக்கரை" மழைக்காலத்துல ஏரிக்குள்ள இருக்கறது தெரிஞ்சா, பணம் கட்டறதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சது.

இப்ப காட்டுப் பக்கம் வருவோம். எல்லாரும் தரையைப் பார்ப்பாங்க, அண்ணாந்து பார்க்கறவங்க குறைவு. பட்டுப்போன மரம், ஒடிஞ்சு இன்னொரு கிளையில தொங்கற கொம்பு, இது ரெண்டும்தான் காட்டோரக் கேம்ப்ல பெரிய ஆபத்து. பக்கத்து மரங்கள்ல இலை இருக்கும்போது இதுல மட்டும் இல்ல, பட்டை உரிஞ்சு தொங்குது, அடிமரத்துல தட்டு தட்டா காளான் வந்திருக்கு, சாஞ்ச மரத்துக்கு வேர்ப்பக்கம் மண்ணு புதுசா வெடிச்சிருக்கு. இப்படி எது இருந்தாலும் அந்த மரம் விழுந்தா எட்டற தூரத்துக்கு வெளியதான் டென்ட்.

அந்தத் தூரத்தை எப்படி அளக்கறது? ஒரு குச்சி போதும். கையை நேரா முன்னால நீட்டி, கண்ணுலேர்ந்து பிடிக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம் பிடிக்கு மேல நிக்கற மாதிரி குச்சியைச் செங்குத்தா பிடிங்க. இப்ப மரத்தைப் பார்த்தபடியே பின்னால நடங்க. மரத்தோட அடி உங்க பிடிக்கு நேராவும், நுனி குச்சியோட நுனிக்கு நேராவும் வர்ற இடத்துல நில்லுங்க. சமதரையா இருந்தா, அங்கேர்ந்து மரம் வரைக்கும் உள்ள தூரமும் மரத்தோட உயரமும் ஏறக்குறைய ஒண்ணு. அதாவது மரம் உங்க பக்கமா விழுந்தா அதோட நுனி உங்க காலடியில வந்து நிக்கும். அதுக்கும் இன்னும் கொஞ்சம் பின்னால போய் டென்ட் போடுங்க.

நல்ல மரங்களா இருந்தா மேற்குப் பக்கம் இருக்கற மாதிரி பார்த்துக்குங்க. காலை வெயில் நேரா விழுந்து டென்ட்டை உலர்த்தும், மத்தியானத்துக்கு மேல நிழல் கிடைக்கும். மரத்துக்கு நேர் கீழ மட்டும் வேண்டாம். மழை விட்டும் ரொம்ப நேரத்துக்குச் சொட்டிக்கிட்டே இருக்கும், பறவை எச்சமும் பிசினும் துணியில ஒட்டும்.

இடியைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். டென்ட்டுக்குள்ள இருந்தா இடி மின்னலுக்குப் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, துளியும் கிடையாது. தனியா நிக்கற மரம், மேட்டு உச்சி, தண்ணி ஓரம், மூணும் கெட்ட இடம். இரும்புக் கூரை போட்டு மூடின கார்தான் கிட்டத்துல கிடைக்கற புகலிடம். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவுல 30 விநாடிக்குக் குறைவா இருந்தா, இடி 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், உடனே காருக்குப் போங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் இறங்கணும். அதனாலதான் "கார் எங்க நிறுத்தணும்?"ங்கறதை பதிவு பண்ணும்போதே கேட்கச் சொல்றேன். வண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னா இந்த வழியே இல்லாம போயிடும்.

தரையைச் சோதிக்க அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க. ஒரு லிட்டர் தண்ணியை ஒரே இடத்துல ஊத்துங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சும் தேங்கி நின்னா, மழைக்கு அது குட்டை. மண்ணு ஓடு ஓடா வெடிச்சு ஓரம் சுருண்டு கிடந்தாலும், கோரை முளைச்சிருந்தாலும் அதே கதைதான். அப்புறம் ஒரே ஒரு பெக்கை, அதாவது டென்ட் கயிறைக் கட்டத் தரையில அடிக்கற முளையை, அடிச்சு இழுத்துப் பாருங்க. பெக்கோட தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கமா சாஞ்சிருக்கணும். உள்பக்கமா சாச்சு அடிச்சா கயிறு இழுக்க இழுக்க வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும். மணல்ல எந்தக் கோணத்துல அடிச்சாலும் நிக்காது. அங்க ஒரு துணிப்பையில மணலை ரொப்பி, கயிறைக் கட்டி, 30 சென்டிமீட்டர் ஆழத்துல புதைச்சு மிதிச்சு விடுங்க. லேசான சரிவு இருந்தா நல்லது, தண்ணி வடியும். தலையை மேட்டுப் பக்கம் வெச்சுப் படுங்க. பாயை விரிச்சு ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துட்டு அப்புறம் டென்ட்டைப் பிரிங்க. வேர்க்கட்டை எங்க இருக்குன்னு முதுகு சொல்லும்.

அடியில போடற தார்ப்பாய் டென்ட்டோட தரையை விட எல்லாப் பக்கமும் ஒரு அஞ்சு சென்டிமீட்டர் சின்னதா இருக்கணும். பெருசா இருந்தா மடிச்சு உள்ள தள்ளிடுங்க. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ஓரம் மழைத்தண்ணியைப் பிடிச்சு நேரா உங்க முதுகுக்கு அடியில கொண்டு வந்து விடும். நல்ல டென்ட் வாங்கியும் நனைஞ்சு போறவங்க நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

காத்து விஷயம். தெளிவான நாள்ல பகல்ல ஏரியிலேர்ந்து கரைக்குக் காத்து வரும், ராத்திரி கரையிலேர்ந்து ஏரிக்குத் திரும்பும். அதனால அடுப்போ நெருப்போ மூட்டற இடம் டென்ட்டுக்கும் ஏரிக்கும் நேர்க்கோட்டுல இருக்கக் கூடாது, பக்கவாட்டுல தள்ளி வைங்க. இல்லைன்னா சாயங்காலப் புகை முழுக்க டென்ட்டுக்குள்ள. ஏற்கெனவே நெருப்பு மூட்டின கல்வட்டம் இருந்தா அதையே பயன்படுத்துங்க, புதுசா வேண்டாம். குளிருதுன்னு கரி நெருப்பை டென்ட்டுக்குள்ள எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். கொசுவுக்கும் காத்துதான் பதில். கொசு பலவீனமா பறக்கற பூச்சி, காத்து வீசற திறந்த இடத்துல நிக்காது. நாணல் மண்டின, காத்து ஒதுங்கற மூலையை விட்டுடுங்க.

தரையில ஒத்தையடிப் பாதை மாதிரி ஒண்ணு தண்ணிக்கு இறங்குதா, குளம்புத் தடமோ சாணமோ இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மிருகங்களோட வழி, விலகிடுங்க. சாப்பாட்டுப் பொருள் எதுவும் டென்ட்டுக்குள்ள வேண்டாம், பற்பசை, பிஸ்கட் உட்பட. எல்லாம் கார் டிக்கியில.

ஏரித்தண்ணியைக் குடிக்கறதா இருந்தா, தளதளன்னு கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல மூணு நிமிஷம். ஆனா தண்ணி மேல பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு படர்ந்திருந்தா, கொதிக்க வெச்சும் பயன் இல்ல. அந்தப் பாசியோட நஞ்சு கொதிச்சாலும் போகாது. குழந்தைங்களை அதுல இறக்கவும் கூடாது.

கடைசியா, இடம் நடத்தறவங்ககிட்ட போன்ல கேட்க வேண்டியது. வனத்துறை நிலமா, தனியார் நிலமா; வனத்துறை நிலம்னா எழுத்துல அனுமதி இருக்கா. மழை பெஞ்சா கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோட்டுல சாதாரண கார் வருமா. ராத்திரி கேட்டைப் பூட்டினா சாவி யார்கிட்ட இருக்கும். எந்த நெட்வொர்க் சிக்னல் கிடைக்கும், ஆஸ்பத்திரி எவ்வளவு நேரம். இதையெல்லாம் கேட்டுட்டு, "மழை விட்ட மறுநாள் எடுத்த வீடியோ ஒண்ணு அனுப்புங்க"ன்னு சொல்லுங்க. அனுப்பறாங்களா, பேச்சை மாத்தறாங்களாங்கறதுலயே பாதி தெரிஞ்சுடும்.

போற அன்னிக்கு சூரியன் மறையறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போய்ச் சேருங்க. டென்ட் பையை வண்டியிலயே விட்டுட்டு, மேல, கீழ, சுத்தி ஒரு நடை பார்த்துட்டு வாங்க. ஒதுக்கின இடம் சரியில்லைன்னா மாத்திக் கேட்கறதுக்கு அதுதான் நேரம். பெக் அடிச்சப்புறம் உங்களுக்கும் மனசு வராது, அவங்களுக்கும் வராது. சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.