பொறந்தநாள் பரிசா 6 பாயிண்ட் போச்சு! கனடா பிஆர் புலம்பலும் பிரெஞ்சு கிளாஸ் அப்டேட்டும்

வணக்கம் மக்களே! வெளிச்சம் பத்தலைன்னு கமெண்ட் போடாதீங்க, பேஸ்மென்ட்ல இவ்வளவுதான் வரும், பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இன்னிக்கு சமையல் கிடையாது. புலம்பல் மட்டும்தான்.

போன வாரம் எனக்கு 31 முடிஞ்சுது. வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி, ஆனா அதுல சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல. எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னா, கனடால நிரந்தரமா குடியேற, அதான் பிஆர், பாயிண்ட் போட்டு ஆள் எடுக்கற முறை. அதுல 20ல இருந்து 29 வயசு வரைக்கும் வயசுக்கு முழுசா 110 பாயிண்ட். 30ன்னா 105. 31ன்னா 99. அடுத்த வருஷம் 94. நாம எதுவும் பண்ண வேணாம், அதுவாவே குறைச்சுக்கும். என் மொத்த ஸ்கோர் படுக்கும்போது 525, எழுந்தா 519! இதுல கேக் வேற வாங்கிட்டு வந்தாங்க ஃபிரெண்ட்ஸ். 38 டாலர் மக்களே. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முட்டை போடலையாம், அதுக்குத் தனி காசாம். முட்டை போடாததுக்கு எதுக்குங்க காசு? போட்டாத்தானே காசு கேக்கணும்? பங்கு பிரிச்சதுல என் தலைக்கும் வந்துது. கணக்குப் போட்டுப் பாத்தா, ஒரு பாயிண்டை இழக்க ஆறு டாலருக்கு மேல செலவு பண்ணி கொண்டாடியிருக்கோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். 519ன்னா நல்ல ஸ்கோர்தானேன்னு ஊர்ல இருந்து கேக்கறீங்க. 2025 அக்டோபர் 1 டிரா பாத்தீங்கல்ல? டிரான்னா, பாயிண்ட் அதிகம் இருக்கறவங்களை விண்ணப்பிக்கக் கூப்பிடற சுற்று. கனடால வேலை பாத்தவங்களுக்கான டிராதான் அது, கட் ஆஃப் 534. ஆயிரம் பேரைத்தான் கூப்பிட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு, அக்டோபர் 6, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு ஒரு டிரா. அதுல 4,500 பேர். கட் ஆஃப் 432! அதே வருஷம் மார்ச்ல 379க்கே கூப்பிட்டாங்க. அதாவது, இங்கேயே படிச்சு, இங்கேயே வரி கட்டிட்டு 519 வச்சிருக்கிற நான் வேடிக்கை பாக்கணும்.

பிரெஞ்சுக்காரங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கியூபெக்குக்கு வெளிய பிரெஞ்சு பேசற ஜனங்களோட விகிதம் குறைஞ்சுட்டே வருது, அதனால அவங்களைக் கூட்டணும்னு ஒரு இலக்கு வச்சிருக்காங்க, அது அவங்க நாட்டுக் கொள்கை, புரியுது. என்னால ஜீரணிக்கவே முடியாதது அந்த 50 பாயிண்ட்.

ஆங், புதுசா வந்தவங்களுக்கு அதைச் சொல்லல. முன்னாடி எல்எம்ஐஏவோட வேலை ஆஃபர் இருந்தா 50 பாயிண்ட், பெரிய மேனேஜர் போஸ்ட்டுன்னா 200. எல்எம்ஐஏங்கறது, இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கலைன்னு கம்பெனி காட்டி வாங்கற அனுமதி. ஒரு போஸ்ட்டுக்கு 1,000 டாலர் ஃபீஸ், அதைக் கம்பெனிதான் கட்டணும், நம்மகிட்ட வசூலிக்கக் கூடாது. ஆனா நடந்தது என்ன? அதை ஆயிரக்கணக்குல விலை வச்சு வித்தாங்க. அதனால 2024 டிசம்பர்ல, அப்போ அமைச்சரா இருந்த மார்க் மில்லர், மோசடியைத் தடுக்க இந்தப் பாயிண்டையே எடுக்கறோம்னு அறிவிச்சார். 2025 மார்ச் 25, மொத்தமா போச்சு. காசு குடுத்து வாங்கினவனுக்கும் போச்சு, ஒரு பைசா குடுக்காம முறையா வாங்கின எனக்கும் போச்சு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அது மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு 569, நான் இந்த வீடியோவே போட்டிருக்க மாட்டேன்.

"அக்கா, நீங்க ஐடிதானே, ஸ்டெம் டிரால வரும்ல?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தான். ஸ்டெம்னா அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு வேலைக்காரங்களுக்கான டிரா. வராதுடா தம்பி. 2025 பிப்ரவரில அந்த வேலை லிஸ்டை மாத்தினாங்க. சாஃப்ட்வேர் இன்ஜினியர் வெளிய, இன்சூரன்ஸ் ஏஜென்ட் உள்ள. நிஜமாத்தான் சொல்றேன், போய்ப் பாரு. சைபர் செக்யூரிட்டி ஆளுங்க தப்பிச்சாங்க.

அதனாலதான் பிரெஞ்சு படிக்கறேன். கேக்கறது, பேசறது, படிக்கறது, எழுதறதுன்னு நாலு பிரிவுலயும் என்சிஎல்சி 7, அதாவது பிரெஞ்சுத் திறமையை அளக்கற அளவுகோல்ல 7, எடுத்தா கூடுதலா 50, ரெண்டாவது மொழிக்குன்னு 12, ஆக 62. 519 கூட 62, 581. எந்த டிரா வந்தாலும் எனக்குக் கவலை இல்ல. இங்க படிச்சு முடிச்சவங்களுக்குக் குடுக்கற வொர்க் பர்மிட்தான் என்னோடது, அது அடுத்த வருஷம் முடியுது, அந்த பர்மிட்டை நீட்டிக்கவும் முடியாது, ஒரு தடவைதான் குடுப்பாங்க. மூணு வருஷ கனடா அனுபவம் வந்தா இன்னும் 11 பாயிண்ட் வரும், ஆனா படிச்சு முடிச்சு வேலை கிடைக்கறதுக்கே சில மாசம் ஆச்சுல்ல, அதனால மூணு வருஷம் ஆகறதுக்குள்ள பர்மிட் முடிஞ்சிடும்.

அப்புறம் கல்யாணம் பண்ணிக்கோன்னு ஐடியா குடுக்கற ஆன்ட்டிகளுக்கு: துணையோட விண்ணப்பிச்சா வயசுக்கான பாயிண்ட் 99ல இருந்து 90 ஆகும். அம்மாகிட்ட இதைச் சொல்லித்தான் ஓட்டிட்டு இருக்கேன். துணையோட படிப்பு, இங்கிலீஷ், கனடா வேலை அனுபவம்னு 40 பாயிண்ட் வரைக்கும் வரலாம்ங்கறதை மட்டும் அம்மாகிட்ட சொல்லல. அம்மா இந்தச் சேனல் பாக்கறதில்ல, யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.

இப்ப நல்ல சேதி! டெஃப் கனடாங்கற பிரெஞ்சுப் பரீட்சைக்கான மாக் டெஸ்ட்ல, பேச்சுப் பகுதியில என்சிஎல்சி 7 தாண்டிட்டேன்! அதுல ரெண்டு பாகம் இருக்கு. முதல்ல ஒரு விளம்பரம் குடுப்பாங்க, அந்த ஆளுக்கு நாம ஃபோன் பண்ற மாதிரி, அஞ்சு நிமிஷத்துல மரியாதையா கேள்வி மேல கேள்வி கேக்கணும். எனக்கு வந்தது படகு வாடகைக்கு விடற விளம்பரம். வாடகை எவ்வளவு, லைஃப் ஜாக்கெட் தருவீங்களா, மழை பேஞ்சா காசு திரும்ப வருமா, பேரம் வேற பேசினேன். காந்தி மார்க்கெட்ல எங்க பாட்டி கூட காய் வாங்கப் போன பழக்கம், வாய் தானா வருது. ரெண்டாவது பாகம், ஃபிரெண்டை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்கணும், பத்து நிமிஷம். டீச்சர் கடைசில "சரி, வரேன், விடு"ன்னுட்டாங்க! காதால கேட்டுப் பதில் குறிக்கறதுதான் இன்னும் உதைக்குது. ரேடியோல பேசற வேகத்துக்கு ஒரு வார்த்தை பிடிக்கறதுக்குள்ள ஒரு வாக்கியம் ஓடிடுது. பரீட்சைக்கு நானூறு சொச்சம் டாலர், அதனால தயாராகாம போய் உக்கார மாட்டேன்.

ஒண்ணு மறந்துட்டேன். "மூணே மாசத்துல பிரெஞ்சு, பிஆர் கேரண்டி"ன்னு எனக்கு ஸ்பான்சர் பண்றேன்னு ஒருத்தர் வந்தார். மாட்டேன்னுட்டேன். கேரண்டின்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துடுங்க. கன்சல்டன்ட்கிட்ட போறதா இருந்தா, கன்சல்டன்ட்களுக்கு லைசென்ஸ் குடுக்கற ஒழுங்குமுறை அமைப்போட பதிவேட்டுல அவர் பேர் இருக்கான்னு ஆன்லைன்ல தேடுங்க, அதுக்குக் காசு கிடையாது.

டொரான்டோ பக்கம் டெஃப் ஸ்லாட் எங்க சீக்கிரம் கிடைக்குதுன்னு தெரிஞ்சவங்க கீழ போடுங்க. ஹாமில்டன்னாலும் பஸ் ஏறிடுவேன். ஞாயித்துக்கிழமை வத்தக்குழம்பு வீடியோ வரும், போன தடவை கேட்ட அளவெல்லாம் அதுல சொல்றேன். டாட்டா!